கதவோரச் சீட்டு

எங்க வேம்பவிடுதியில செவ்வாக்கிழமை காலையில பத்து மணிக்கு மேல எந்தப் பொம்பளையும் அடுப்புல எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டா, கெணத்தை எட்டிப் பாக்க மாட்டா, கைப்புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு நிக்க மாட்டா, தலையில எண்ணெயத் தேச்சுக்கிட்டுக் குளிக்கப் போக மாட்டா, ஏன்னா அந்த நேரத்துலதான் திருச்சியிலருந்து பச்சவாலு ஷார்ஜாவுக்குக் கெளம்புது, அது கெளம்புற நேரத்துல எவ அடுப்படியிலருந்து காணாமப் போயி எத்தனாவது வரிசையில நடுச்சீட்டுல உக்காந்திருப்பான்னு அந்தக் கருப்பருக்கே தெரியாது.

பச்சவாலுன்னா பிளேனுதான். அந்தக் கம்பெனிக்கு நீளமா ஒரு இங்கிலீசுப் பேரு இருக்கு, எங்க வாயில நொழையல, வாலுல பச்சைப் பெயிண்ட்டு அடிச்சிருக்கறதால பச்சவாலுன்னு வச்சுக்கிட்டோம். எங்க ஊரு ஆம்பளைங்க முக்காவாசிப் பேரு அதுல ஏறித்தான் பொழைக்கப் போறாங்க, அவங்கள ஏர்போட்டுல கொண்டு போயி விடுறது என் டாடா மேஜிக் வண்டி. அதனால இந்த விவகாரம் எனக்கு அடியிலருந்து நுனி வரைக்கும் தெரியும்.

கம்பெனிச் சட்டம் ரொம்பச் சின்னது. கவுண்டர்ல ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு இருக்கு, பாலக்கரைப் பொண்ணு, மூக்கால பேசும். "சார், காசு கட்டி சீட் செலக்ட் பண்ணுனா அந்த சீட்டு உங்களுக்கு சார். பண்ணலைன்னா சிஸ்டமே ஆட்டோமேட்டிக்கா குடுத்துரும் சார். நாங்க ஒண்ணும் பண்ண முடியாது சார்." ஒரு நாளைக்கு நூத்தியெம்பது தடவை இதையே சொல்லும். அந்த சிஸ்டம்ங்கிற கம்ப்யூட்டரு என்ன நெனைச்சுச் சீட்டுக் குடுக்குதுன்னு அதுக்கும் தெரியாது, அதோட மேனேஜருக்கும் தெரியாது. ஒண்ணா டிக்கெட்டுப் போட்டுப் போற புருசன் பொண்டாட்டிய நாலாவது வரிசையில ஒருத்தர், இருவத்தொம்பதாவது வரிசையில ஒருத்தர்னு பிச்சுப் பிச்சுப் போடும். தனியாப் போற மனுசனுக்குப் பக்கத்துச் சீட்டு காலியா இருந்தா, அவன் யாரை வீட்டுல விட்டுட்டு வந்தானோ அந்த ஆளைக் கொண்டாந்து உக்கார வச்சுரும்.

மொதல்ல போனது சித்திரவேலு பொண்டாட்டி ரெங்கம். தோசை ஊத்திக்கிட்டு இருந்தவ, கரண்டியும் கையுமா போயி இருவத்தி மூணு பி-யில உக்காந்துட்டா. பக்கத்துல புருசன் ஜன்னலைப் பாத்துக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு இருந்திருக்கான். "ஏய்யா, தோசை கருகுதுய்யா"ன்னுதான் மொத வார்த்தை. ஏர் ஓஸ்டஸ் பொண்ணு வந்து பாத்துச்சு, கரண்டிய வாங்கி மேல வச்சுச்சு, "மேடம், பெல்ட்டு"ன்னுச்சு, அவ்வளவுதான். நாலு மணி நேரம் ரெண்டு பேரும் பேசியிருக்காங்க, மூணு மாச லீவுல வீட்டுல பேசாத பேச்செல்லாம் பேசியிருக்காங்க. சக்கரம் அங்க தரையத் தொட்டதும் இங்க அடுப்புக்கு முன்னாடி பழையபடி குந்தியிருந்தா, தோசைக்கல்லு செவந்து போயிக் கெடந்துச்சு. தரையில கால் வைக்காததால விசாப் பிரச்சினையும் இல்ல.

அப்பறம் வாரா வாரம் ஒண்ணு ரெண்டுன்னு ஆயிருச்சு. கல்யாணம் ஆகாத ஒரு பய போனான், அவனுக்குப் பக்கத்துல அவன் வளத்த மோளை ஆடு வந்து உக்காந்துச்சு, அதுக்கும் பெல்ட்டுப் போட்டாங்க. வரப்புத் தகராறுல ஏழு வருசமா மொகத்தைத் திருப்பிக்கிட்ட ரெண்டு பங்காளிகள்ல ஒருத்தன் ஏறுனான், இன்னொருத்தன் மம்பட்டியோட பக்கத்துல வந்தான். கடலுக்கு மேல போறப்ப வரப்பு எங்கடா இருக்குன்னு ரெண்டு பேரும் கீழ பாத்திருக்காங்க, தண்ணியாத் தெரிஞ்சிருக்கு, விட்டுட்டாங்க.

ஊரு சும்மா இருக்குமா, சட்டம் போட்டுக்கிச்சு. நூறு நாள் வேலையில ஒருத்தி காணாமப் போனா மேஸ்திரி நோட்டுல 'பிளேன்ல இருக்கு'ன்னு எழுதி ஆஜர் போட்டுருவாரு. செவ்வாக்கிழமை வீட்டுக்கு வீடு வடிச்ச சோத்துக்கு மேல தட்டைப் போட்டு மூடி வச்சுட்டுத்தான் உக்காருவாங்க. போன ஆளு எந்த எடத்துலருந்து போச்சோ அந்த எடத்தை யாரும் அசைக்கக் கூடாது. இது எப்படி வந்துச்சுன்னா, ரெங்கம் ரெண்டாந்தடவை டவுன் பஸ்ஸுல போறப்பக் காணாமப் போனா, பஸ்ஸு பாட்டுக்கு ஆலங்குடிக்குப் போயிருச்சு, திரும்பி வந்தவ நடுரோட்டுல அந்தரத்துல உக்காந்த மேனிக்கு வந்து பொத்துன்னு விழுந்தா. ஒரு மாசம் குப்புறத்தான் படுத்தா.

என் பொண்டாட்டி பஞ்சவர்ணம் மட்டும் எப்பப் பாத்தாலும் மொகத்தைத் தூக்கி வச்சுக்குவா. "எல்லாரும் ஆகாசத்துல போறாளுக. நீ ஏர்போட்டு வாசலு வரைக்கும் போயிட்டு யூ டர்ன் அடிச்சு வந்துர்ற. உன்னைக் கட்டிக்கிட்டு நான் என்னத்தைக் கண்டேன்?"

சரி, அவ கதை கெடக்கட்டும். நான் சொல்ல வந்தது வள்ளிக்கண்ணு கதை.

வள்ளிக்கண்ணு அடைக்கலத்தோட பொண்டாட்டி. அடைக்கலம் ஆறடி ஆளு, ஷார்ஜாவுல கண்ணாடிக் கட்டடத்துக்கு வெளிப்பக்கமா கயித்துல தொங்கிக்கிட்டு கண்ணாடி தொடைக்கிற வேலை. முப்பத்தாறாவது மாடியில தொங்கிக்கிட்டே வீடியோ கால் போடுவான், ஒரு கையால கண்ணாடியத் தொடைச்சுக்கிட்டே "என்ன கொழம்பு இன்னைக்கு?"ம்பான். மஞ்சுவெரட்டுல மாட்டுக் கொம்பைப் புடிச்சா மாடுதான் கெஞ்சணும். பயம்னா என்னன்னு தெரியாத பயன்னு ஊரே அவன் பேரைச் சொல்லித்தான் புள்ளைங்களுக்குச் சோறு ஊட்டும்.

கல்யாணம் ஆன மூணு வருசத்துல அஞ்சு தடவை பச்சவாலுல போயிட்டான். அஞ்சு தடவையும் வள்ளிக்கண்ணு அரக்குப் பட்டு கட்டி, தலை நெறையப் பூ வச்சு, புளிச்சோத்தை டப்பாவுல போட்டுக் கையில புடிச்சுக்கிட்டு, வீட்டுக்கு நடுவுல பிளாஸ்டிக் சேரைப் போட்டு உக்காந்திருந்தா. பத்தரை ஆவும், பதினொண்ணு ஆவும், மேல பிளேன் சத்தம் கேட்டு அடங்கிரும். அவ அங்கேயேதான் இருப்பா. பக்கத்து வீட்டுல ரெங்கம் போயிருப்பா, எதுத்த வீட்டுல ஆடு போயிருக்கும். வள்ளிக்கண்ணு புளிச்சோத்தைத் தானே தின்னுட்டு சேரைத் தூக்கி வைப்பா.

ஏன்னா அடைக்கலம் காசு கட்டிச் சீட்டு வாங்குறான். எங்க ஊருல வேற எவனும் வாங்குறதில்ல. பன்னெண்டு ஏ, றெக்கை மேல, அவசரக் கதவுக்குப் பக்கத்துச் சீட்டு. காசு கட்டிச் சீட்டைப் புடிச்சுட்டா கம்ப்யூட்டரு அந்தப் பக்கமே திரும்பாது. ஊருக்கு இது போதாதா? "பொண்டாட்டி வந்துரக் கூடாதுன்னு காசு கட்டுறான்யா"ன்னான் ஒருத்தன். "அங்க எவளோ இருக்கா"ன்னா ஒருத்தி. "இருந்தா இருக்கட்டும், அவ எந்த சீட்டுல வர்றாளாம்?"ன்னு வள்ளிக்கண்ணு திருப்பிக் கேட்டா. வாயில அவளை யாரும் ஜெயிக்க முடியாது. ஆனா அஞ்சாவது தடவை சேரைத் தூக்கி வச்சப்ப அதோட காலு ஒடிஞ்சிருச்சு, அவ்வளவு வேகமா வச்சா. "அண்ணே, என் பக்கத்துல நாலு மணி நேரம் உக்கார முடியாத மனுசனோட நான் நாப்பது வருசம் எப்படிண்ணே குடித்தனம் பண்றது? அடுத்த தடவை கேட்டுருவேன். ஒழுங்கா பதில் வரலைன்னா எங்கப்பன் வீட்டுல கொண்டு போயி விட்டுரு, வாடகை எவ்வளவு?"ன்னு எங்கிட்ட கேட்டா. நான் சிரிச்சேன். அவ சிரிக்கல.

ஆறாவது தடவை வந்துச்சு. வண்டியில அடைக்கலம், வள்ளிக்கண்ணு, கூடப் போற சித்திரவேலு. இந்தத் தடவை அவ பட்டும் கட்டல, பூவும் வைக்கல, வெளுத்துப் போன பச்சை வாயில் சீலை, புளிச்சோறும் இல்ல. எல்லையில கருப்பர் கோயில்ல எல்லா வண்டியும் நிக்கும், தேங்காய் ஒடைக்கும். அங்க அருவாளைத் தொட்டு ஒரு வார்த்தை சொன்னா எங்க ஊருல அதை மீறுறவன் கெடையாது. ஒருத்தன் மீறுனான், ஒரு வருசம் அவன் வாயிக்கு உப்பு ஒறைக்கல, பாயாசத்துக்கும் ரசத்துக்கும் வித்தியாசம் தெரியாமத் திரிஞ்சான்.

"அருவாளைத் தொடுங்க"ன்னா வள்ளிக்கண்ணு.

"எதுக்கு?"

"இன்னைக்குப் பொழுது சாயுற வரைக்கும் யாரு என்ன கேட்டாலும் பொய் சொல்ல மாட்டேன்னு தொடுங்க."

அடைக்கலம் என்னைப் பாத்தான், நான் தேங்காயப் பாத்தேன். தொட்டுட்டான். வேற வழி? பூசாரி, சித்திரவேலு, நானு, மூணு சாட்சி.

வண்டியில எங்களுக்கு முன்னாடி கேக்க அவளுக்கு இஷ்டம் இல்ல. ஏர்போட்டு வாசல்ல, டிராலி மேல பெட்டிய ஏத்துனதுக்கப்பறம், அவன் சட்டையப் புடிச்சுத் தூண் ஓரமா இழுத்துக் கேட்டா. "ஏங்க, எதுக்கு அந்தக் கதவுச் சீட்டு? நான் பக்கத்துல வர்றது உங்களுக்குப் புடிக்கலையா?"

அடைக்கலம் என்ன பண்ணான் தெரியுமா? வாயை இறுக்கி மூடிக்கிட்டான். பொய் சொல்ல முடியாது, நெசத்தைச் சொல்ல மனசு வரல. கையக் காட்டுறான், மணியக் காட்டுறான், ஆகாசத்தைக் காட்டுறான், கண்ணு கலங்குது. பாஸ்போட்டைப் பல்லுல கடிச்சுக்கிட்டு டிராலியத் தள்ளிக்கிட்டு உள்ள போயிட்டான். கதவுகிட்ட நின்ன போலீசு பாஸ்போட்டை அவன் பல்லுலருந்துதான் உருவிப் பாத்துச்சு.

வள்ளிக்கண்ணு வந்து முன்சீட்டுல ஏறுனா. "வண்டிய எடுண்ணே."

"எங்க ஆத்தா? நம்ம ஊருக்கா?"

"எங்கப்பன் வீட்டுக்கு."

எடுத்தேன். வழியில டீக்கடையில நிப்பாட்டி, அவ வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல வாழக்கா பஜ்ஜி ஒரு பொட்டலம் வாங்கி மடியில போட்டேன், அழுவுறவங்க கையில எதையாவது குடுத்துரணும். அப்பறம் அவளைச் சிரிக்க வைக்கணும்னு எனக்குத் தெரிஞ்ச எல்லாக் கொரலும் எடுத்தேன். ஜெசிந்தா மாதிரிப் பேசுனேன், வாசப் போலீசு மாதிரி இந்தியில வெரட்டுனேன், ஏர்போட்டு மைக்கு மாதிரி "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, பல்லுல பாஸ்போட்டைக் கடித்த பயணி உடனடியாகத் துப்பவும்"னேன். அவ ஜன்னலைப் பாத்துக்கிட்டே 'ம்'னா. நான் விடல, மோளை ஆடு பெல்ட்டுப் போட்ட கதையை எடுத்தேன், 'ம்'னா. ரெங்கம் நடுரோட்டுல விழுந்ததைச் சொன்னேன். ஏர் ஓஸ்டஸ் எப்படி டீ ஊத்தும்னு ஒரு கையால ஊத்திக் காட்டுனேன். ரொம்ப நேரமா 'ம்' வரலையேன்னு திரும்பிப் பாத்தா, சீட்டு காலி. ஒத்தைச் செருப்பு கெடக்கு. பஜ்ஜிப் பொட்டலத்தையும் காணோம்.

எனக்கு மொதல்ல வந்தது சந்தோசமும் இல்ல, அதிர்ச்சியும் இல்ல, அய்யய்யோ எந்த எடத்துல போனான்னுதான் வந்துச்சு. நாலு மணி நேரம் கழிச்சு வர்றவ தார் ரோட்டுல விழுவா. வண்டிய ரிவர்சுல போட்டேன். எப்படிக் கண்டுபுடிச்சேன்னா, நான் பேசுனதையே பின்னாலருந்து முன்னுக்குப் பேசிக்கிட்டே வந்தேன். டீ ஊத்துனது பெட்ரோல் பங்கு பக்கத்துல. ரெங்கம் விழுந்தது வேகத்தடை. ஆடு பெல்ட்டுப் போட்டது இந்தப் புளியமரம். ஆட்டுக்கு 'ம்' இருந்துச்சு, ரெங்கத்துக்கு இல்ல. அப்ப இந்த மரத்துக்கும் வேகத்தடைக்கும் நடுவுலதான். அங்க பாத்தா மஞ்சக் கோட்டு மேல அவளோட இன்னொரு செருப்பு ஜன்னல் வழியாத் தெறிச்சுக் கெடக்குது. அதுக்கு நேரா முன்சீட்டு வர்ற மாதிரி வண்டிய நிறுத்தி, சாவிய உருவிட்டேன்.

பஞ்சவர்ணத்துக்குப் போனைப் போட்டேன். "வள்ளிக்கண்ணு போயிருச்சு."

"ஆத்தாடி! என்ன சீலை?"

"வெளுத்த பச்சை வாயில்."

"அடப்பாவி மக்கா! அஞ்சு தடவை பட்டு கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, தலை சீவாத அன்னைக்கா கூப்புடுறது?" அடுத்த நிமிசம் ஊருக்கே தெரிஞ்சிருச்சு, மேஸ்திரி நோட்டுல எழுதிட்டாரு.

பன்னெண்டு மணி வாக்குல ஹைவே போலீசு வந்துச்சு. ஏட்டையா மீசைய மட்டும் முன்னாடி அனுப்பிட்டுப் பின்னாடி எறங்குனாரு. "ஏய், ஹைவேஸுல வண்டிய நிறுத்திட்டு என்னய்யா பண்ற? எடு எடு."

"அய்யா, ஒரு அம்மா பிளேன்ல போயிருக்காங்க. எறங்குனதும் இந்த சீட்டுக்கு வரணும்."

"எந்தப் பிளேனு? பச்சவாலா?"

"ஆமாங்கய்யா."

"அது ரெண்டே முக்காலுக்குத்தான்யா எறங்கும்." கைக்கடியாரத்தைப் பாத்தாரு. "சரி, இண்டிகேட்டரைப் போட்டு நில்லு. பின்னாடி நாலு செடி கொடிய ஒடிச்சு வையி. போன மாசம் என் மச்சினியும் இப்படித்தான் இட்லிப் பானையோட போயிட்டா." போறப்ப ரெண்டு பேரிகாட்டும் குடுத்துட்டுப் போனாரு.

ரெண்டே முக்காலு. நான் கண்ணை அந்த சீட்டை விட்டு எடுக்கல. ஆனா ஒரு கொட்டாவி வந்துச்சு, அந்தக் கொட்டாவிக்குள்ள வந்து உக்காந்திருந்தா.

மொகம் வீங்கியிருந்துச்சு, அழுதிருக்கா. ஆனா வாயெல்லாம் சிரிப்பு. சீலைய பாத்தேன், முந்தானையில ஒரு முழம் காணோம். பிச்சு எடுத்த மாதிரி நூல் நூலாத் தொங்குது.

"ஆத்தா, என்னாச்சு? அடிச்சானா?"

"வண்டிய நம்ம ஊருக்கு விடுண்ணே"ன்னா. "சொல்றேன்."

என்ன நடந்துச்சுன்னா, அடைக்கலம் எப்பவும் போல பன்னெண்டு ஏ-யில உக்காந்திருக்கான். கதவுச் சீட்டுக்குன்னு ஒரு சட்டம் இருக்கு. ஏர் ஓஸ்டஸ் வந்து, ஏதாவது ஆபத்துன்னா இந்தக் கதவைத் தொறந்து மத்தவங்களுக்கு ஒத்தாசை பண்ணுவியான்னு கேக்கும். தலையாட்டுனாப் போதாது, வாயைத் தொறந்து பதில் சொல்லணும். அஞ்சு தடவையும் "எஸ் மேடம்"னு சொன்னவன். இந்தத் தடவை அருவா தொட்டவன். பொண்டாட்டிகிட்ட வாயை மூடிக்கிட்டுத் தப்பிச்சவன் இந்தப் பொண்ணுகிட்டத் தப்பிக்க முடியல. மூணு தடவை கேட்டுச்சாம். "சார், வாயாலச் சொல்லுங்க சார்."

சித்திரவேலு பின்னாடியிருந்து பாத்துட்டு அப்பறம் போன்ல சொன்னான். ஆறடி ஆளு, பிளேனுக்கே கேக்குற மாதிரிச் சொன்னானாம்: "நோ மேடம். மாட்டேன். எனக்கே பயமா இருக்கு மேடம். ஆபத்துன்னா நான்தான் மொதல்ல குதிப்பேன்."

அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. சிரிக்கல. சட்டப்படி எழுப்பிருச்சு. காசு கட்டுன சீட்டு போச்சு, கம்ப்யூட்டரு வேற சீட்டுக் குடுத்துச்சு, இருவத்தேழு ஏ. அவன் போயி உக்காந்து பெல்ட்டை மாட்டுறதுக்குள்ள இருவத்தேழு பி-யில வள்ளிக்கண்ணு, மடியில பஜ்ஜி.

அவன் கண்ணை மூடிக்கிட்டு, முன்சீட்டைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு, கருப்பர்ல ஆரம்பிச்சு வேளாங்கண்ணி வரைக்கும் கூப்பிட்டு முடிச்சு, நாகூருக்குப் போயிக்கிட்டு இருந்திருக்கான்.

"ஏங்க."

ஒத்தைக் கண்ணைத் தொறந்தானாம். "நீ எப்படி வந்த?"

"கம்ப்யூட்டரு கூப்புட்டுச்சு. பஜ்ஜி திங்கிறீங்களா?"

அப்பத்தான் அவன் வாயைத் தொறந்தான். "முப்பத்தாறாவது மாடியில கயிறு என் இடுப்புல இருக்கு வள்ளி. முடிச்சு நான் போட்டது. அவுந்தா என் தப்பு. இங்க கயித்தை எவன் புடிச்சிருக்கான்? எங்க கட்டியிருக்கு? ஒண்ணுமே தெரியலையே. அதான் கதவுகிட்ட உக்காந்தா மனசுக்கு ஒரு இது. நீ வந்து பாத்தீன்னா, இவனையா ஊரு பயம் தெரியாதவன்னு சொல்லுதுன்னு சிரிப்ப. அதுக்குத்தான்."

"சிரிச்சியா ஆத்தா?"ன்னு கேட்டேன்.

"சிரிச்சேண்ணே. பிளேனே திரும்பிப் பாக்குற மாதிரிச் சிரிச்சேன். மூணு வருசம், அஞ்சு சேரு, எங்கப்பன் வீடு, எல்லாத்துக்கும் சேத்துச் சிரிச்சேன். அப்பறம் அழுதேன். அப்பறம் பிளேன் குலுங்குச்சு. அவரு பச்சப்புள்ள மாதிரி என் தோள்ல மொகத்தைப் பொதைச்சுக்கிட்டாரு. எனக்கு ஒண்ணும் தெரியல, நல்லாத்தான் குலுங்குச்சு, உன் வண்டி மாதிரி. முந்தானைய எடுத்து அவரு கையில குடுத்தேன். இந்தாங்க கயிறு, முடிச்சை நீங்களே போடுங்கன்னேன். போட்டாரு பாரு ஒரு முடிச்சு, மணிக்கட்டைச் சுத்தி, மாடியில தொங்குறப்ப போடுவாரே அந்த முடிச்சு. அதுக்கப்பறம் ஜன்னலு வழியா வெளியவே பாத்தாரு. மேகத்தைக் காட்டுனாரு. நாலு பஜ்ஜி தின்னாரு."

சக்கரம் தரையத் தொட்டப்ப அவ இங்க வந்துட்டா. முடிச்சு வரல. அவன் போட்ட முடிச்சு அவுறுமா? ஒரு முழம் சீலை அங்கயே நின்னுருச்சு.

மறுநாள் முப்பத்தாறாவது மாடியிலருந்து அடைக்கலம் வீடியோ கால் போட்டான். பின்னாடி கண்ணாடி மின்னுது, மணிக்கட்டுல அந்த வெளுத்த பச்சை வாயில் துணி. "என்ன கொழம்பு?"ன்னான். ஊரே அந்தப் போனைச் சுத்தி நின்னுச்சு, இப்பப் பயந்தாங்குளிப் பயன்னு சொல்லிப் புள்ளைங்களுக்குச் சோறு ஊட்டலாமான்னு ஒருத்தி கேட்டா. "ஊட்டுங்க. ஆனா நெசம் சொன்ன பயன்னு சேத்துச் சொல்லுங்க"ன்னா வள்ளிக்கண்ணு.

ஊரு இதையும் சட்டத்துல சேத்துக்கிச்சு. ஆலங்குடி ஜவுளிக்கடையில இப்ப முந்தானை ஒரு முழம் கூட வச்சு நெய்யச் சொல்லி வாங்கி வச்சிருக்காங்க, பச்சவாலு சீலைன்னு கேட்டாத் தருவாங்க. பஞ்சவர்ணமும் ஒண்ணு வாங்கிட்டா. "நான்தான் எங்கயும் போறதில்லையேடி?"ன்னேன். "ஒரு முழந்தானே, இருக்கட்டும்"ன்னு பெட்டியில மடிச்சு வச்சுக்கிட்டா.

போன செவ்வாக்கிழமை அடைக்கலம் ஏழாவது தடவை கெளம்புனான். கவுண்டர்ல ஜெசிந்தா, "எப்பவும் போல எக்ஸிட் சீட்டா சார்?"னு மூக்கால கேட்டுச்சாம். "வேணாம்மா. சிஸ்டம் என்ன குடுக்குதோ குடுக்கட்டும்"னானாம்.

வள்ளிக்கண்ணு என் வண்டியில முன்சீட்டுல உக்காந்தா. அரக்குல புதுசா பச்சவாலு சீலை, தலையில பூ, மடியில புளிச்சோறு, மேல ரெண்டு பொட்டலம் பஜ்ஜி. அதே புளியமரத்துக்கும் வேகத்தடைக்கும் நடுவுல வண்டிய ஓரங்கட்டச் சொன்னா. ஏட்டையா பேரிகாட்டு முன்னாடியே வச்சிருந்தாரு. நான் சும்மா இருப்பேனா, வாசப் போலீசு பல்லுலருந்து பாஸ்போட்டை உருவுனதைத் திரும்ப நடிச்சுக் காட்டுனேன். 'ம்'னு சிரிச்சா. ஜெசிந்தா மாதிரி "மேடம், உங்க ஹஸ்பண்டு தைரியமா மேடம்?"னு கேட்டேன். 'ம்'னா. இப்பத்தான் பெல்ட்டுப் போடச் சொல்லுவாங்க, இப்பத்தான் கதவைச் சாத்துவாங்க, இப்பத்தான் அவன் கருப்பரைக் கூப்புட ஆரம்பிப்பான்னு சொல்லிக்கிட்டே போனேன்.

'ம்' வரல.

நான் சாவிய உருவிட்டு, இண்டிகேட்டரைப் போட்டேன்.